துளசி சிங் என்று ஒருவர் இல்லை

20-8-1973, திங்கட்கிழமை.

துளசிங்கம் அண்ணனின் மனுவை இன்று இன்ஸ்டிட்யூட்டில் டைப் செய்து முடித்தேன். அசல் ஒன்று, கார்பன் பிரதி இரண்டு. ஒரு பிழை செய்திருக்கிறேன். 'துளசிங்கம்' என்ற பெயருக்கும் 'துளசி சிங்' என்ற பெயருக்கும் நடுவில், 'என்று தவறாக எழுதப்பட்ட' என்று பொருள் வரும்படி ஆங்கிலத்தில் போட்டிருக்க வேண்டும். வரியில் இடம் போதாமல் 'அலையாஸ்' என்று ஒரே சொல்லாக அடித்துவிட்டேன். தபால் பெட்டியில் போட்ட பிறகுதான் உறுத்தியது. சின்னப் பிழைதான். அர்த்தம் மாறிவிடாது.

நாட்குறிப்பின் கடைசி வாக்கியத்தை யூனிஸ் கோடு போட்டு அடித்தாள். பிறகு அடித்ததன் மேலேயே அதைத் திரும்ப எழுதினாள். தாம்பரம் ஸ்டேஷனில் பீச் போகிற ரயில் இன்னும் வரவில்லை. பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் கீரைக்கட்டுக் கூடையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்து கூடைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நோட்டில் இரண்டு சொட்டு விழுந்தது. யூனிஸ் அதை முந்தானையால் ஒற்றிவிட்டு நோட்டை மூடினாள்.

பகலில் அவளுக்குப் பல்லாவரத்துத் தோல் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை. மாலையில் தாம்பரத்தில் டைப்பிங் ஹையர் கிரேடு வகுப்பு. ஹையர் பாஸ் செய்தால் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். துளசிங்கம் அந்தக் கம்பெனியின் கேட் வாச்மேன். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அவர் தோல் மயிர் முளைக்காமல், பதனிட்ட ஆட்டுத்தோல் மாதிரி வழவழவென்று இருக்கும்.

இவ்வளவும் ஆரம்பித்தது ஐந்து நாள் முன்னால், ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி. ஒவ்வொரு வருஷமும் கொடியை மடித்து, உள்ளே பூ வைத்துக் கட்டுவது துளசிங்கம்தான். அன்றைக்கு மட்டும் காக்கிச் சட்டையில் மெடலைக் குத்திக்கொண்டு வருவார். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும், ஜூன் மாதம் புதிதாக வந்திருந்த பெர்சனல் ஆபீசர் ஸ்ரீரங்கன் அவர் அருகில் போனார். மெடலைச் சட்டையோடு சேர்த்து இரண்டு விரலால் தூக்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதன் விளிம்பைச் சுற்றிப் படித்தார்.

"சிப்பாய் துளசி சிங். யாருப்பா இந்த சிங்?"

"நான்தான் சார்."

தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிக்காரர்கள் வரிசையிலிருந்து சம்பத் கத்தினான். "அடிசக்கை! நம்ம வாச்மேன் சர்தார்ஜியாம்டா! தலப்பா எங்க வாத்யாரே, வூட்ல காயுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ரீரங்கன் சிரித்தார். துளசிங்கமும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரிக்காமல் இருந்திருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று யூனிஸ் பிற்பாடு பலமுறை யோசித்தாள்.

மறுநாள் ஸ்ரீரங்கன் பழைய ஃபைலை எடுத்துவரச் சொன்னார். வேலைக்கு மனுப் போட்டபோது 'போரில் வீரத்துக்காகப் பதக்கம் பெற்றவர்' என்று எழுதியிருந்தது. பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில், பதக்கங்கள் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்ரீரங்கன் டிக்டேஷன் கொடுத்தார். பொய்த் தகவல் கொடுத்து வேலையில் சேர்ந்ததாகத் தெரிகிறது. நாற்பது நாளுக்குள் ராணுவ ரெக்கார்ட் ஆபீசிலிருந்து கடிதம் கொண்டுவராவிட்டால் வேலை நீக்கம். யூனிஸ்தான் டைப் செய்தாள். பிழையில்லாமல் செய்தாள்.

அன்று மாலை கேட்டருகே துளசிங்கம் அவளுக்காகக் காத்திருந்தார். கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய டிஸ்சார்ஜ் புத்தகம்.

"மெமோ நீதான அடிச்ச, யூனிஸம்மா? பரவால்ல, அது உன் வேலை. இத்தயும் நீயே அடிச்சிக் குடு. வெளிய எவன் கைல குடுத்தாலும் இன்னொரு பேரு வச்சிடுவானுங்க."

பிளாட்பாரம் வரை நடந்துகொண்டே சொன்னார். அறுபத்தைந்தாம் வருஷத்துப் பாகிஸ்தான் சண்டையில் அவர் ஓட்டியது ரேஷன் லாரி. காயம்பட்டவர்களை ஏற்றிவர ஆம்புலன்ஸ் போதவில்லை.

"ரெண்டு தபா போய் ஏத்திகினு வந்துட்டேன். மூணாவது தபா தார்ப்பாய்ல நெருப்பு புடிச்சிகிச்சு. உள்ள பதினாலு பேரு. நிறுத்தினாலும் சாவு, ஓட்னாலும் சாவு. ஓட்னேன். ஆஸ்பத்திரி டேராவுல ஒரு கிளார்க்கு, பஞ்சாப்காரன், பேரு கேட்டான். துளசிங்கம்னேன். கடைசி எழுத்த முழுங்கிட்டு துளசி சிங்குனு எழுதிகினான். கை வெந்து கெடக்குது, நான் எழுத்தா பாத்துகினு இருப்பேன்?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே அண்ணா?"

"சொன்னேனே. மெடலு வந்தப்ப ஆபீஸ்ல சொன்னேன். ஆயிடும் ஆயிடும்னான். மெடலுக்கு எழுதி அனுப்புன மேஜர் சாப் மறுநாளே சண்டைல செத்துப் போய்ட்டாரு. யாரு கைல போய் நிக்கறது?"

"நம்பர் ஒண்ணாத்தானே இருக்கு?" யூனிஸ் நின்றுவிட்டாள். மெடலின் விளிம்பிலும் 6214739. புத்தகத்தின் முதல் பக்கத்திலும் 6214739. "இது போதுமே அண்ணா. ஒரு நம்பர் ரெண்டு பேருக்கு இருக்காது."

"அத்தத்தான் எழுது. பெருசா எழுது."

அவள் எழுதினாள். நம்பரைச் சிவப்பு ரிப்பனில் அடித்தாள். அதற்கு மேல் வரியில் அந்த ஒரு சொல்லையும் அடித்தாள்.

துளசிங்கம் ஒரு கார்பன் பிரதியை மறுநாளே ஸ்ரீரங்கனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மனுப் போட்டாயிற்று என்று காட்ட வேண்டுமே. யாரும் கேட்காமல் தானாகவே கொடுத்தார்.

புதன்கிழமை காலை ஸ்ரீரங்கன் யூனிஸைக் கூப்பிட்டார். மேஜை மேல் அந்தப் பிரதி இருந்தது. 'அலையாஸ்' என்ற சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்.

"இதைப் பாரும்மா. எவனோ நல்ல டைப்பிஸ்ட். ஸ்பேசிங் எல்லாம் எவ்வளவு நீட்டா இருக்கு! நீயும் கத்துக்கணும்."

யூனிஸ் நோட்டைத் திறந்தாள்.

"அவனே ஒத்துக்கிட்டான் பாரு. அலையாஸ். நல்ல குடும்பத்து மனுஷனுக்கு எதுக்கு ரெண்டு பேரு? சார்ஜ் ஷீட் போடணும். எழுதிக்கோ. 'உமது மனுவிலேயே நீர் இரண்டு பெயர்களில் நடமாடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்.'"

"சார், நம்பர் ஒண்ணா இருக்கே சார்."

"நம்பரா? மூர் மார்க்கெட்ல போய்க் கேளு. எந்த நம்பர் வேணும்னாலும் வெட்டித் தருவான். எழுதிக்கோ."

அவள் எழுதிக்கொண்டாள். தன் இடத்துக்கு வந்து டைப் செய்தாள். அந்த மனுவை அடித்தவள் நான்தான் என்று சொல்ல மூன்று தடவை வாய்வரை வந்தது. நிரந்தரமாகாத வேலையும் நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை. சார்ஜ் ஷீட்டில் அசலுக்கும் பிரதிக்கும் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

துளசிங்கத்திடம் மட்டும் அன்று மாலை சொல்லிவிட்டாள்.

"அலையாஸ்னா இன்னா?"

"இந்தப் பேரும் உண்டு, அந்தப் பேரும் உண்டுன்னு அர்த்தம் அண்ணா."

அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "போலீஸ் ஸ்டேஷன்ல கேடிங்க போட்டோ மாட்டி, கீழ எழுதி கீறானே, அதுவா?"

யூனிஸ் தலையாட்டினாள்.

"ஏம்மா, படிச்ச பொண்ணு. பட்டாளத்துல ஒருத்தன் எழுத்த முழுங்கினான், அவனுக்குத் தமிழு தெரியாது. உனக்கு இன்னா?"

லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அவர் போய்க் கேட்டைத் திறந்தார். அடுத்த இரண்டு நாள் அவள் உள்ளே வரும்போதும் போகும்போதும் கேட் ரிஜிஸ்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் அவர் மனைவி கிளியம்மாள் யூனிஸைப் பிடித்துக்கொண்டாள். கிளியம்மாள் அங்கே கருவாடு விற்பவள். யூனிஸ் பார்க்காத மாதிரி கூட்டத்தில் விலகப் பார்த்தாள்.

"ஏய் பொண்ணே, டைப்பு! இங்க வா. எங்க ஓடற? எம் புருசன் பேர கேடி லிஸ்ட்ல ஏத்திட்டு எங்க ஓடற?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யூனிஸுக்குக் காது சுட்டது. "தப்புதான் அக்கா."

"தப்புன்னு எனக்குத் தெரியாதா? உக்காரு." ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டாள். "அழுவாத. கருவாட்டுல ஏற்கெனவே உப்பு ஜாஸ்தி. அந்த மன்ஷன் வூட்ல சோறு துன்றதில்ல, மெடல எடுத்துத் தொடைச்சிகினே கீது. தப்பா எழுதினவதான் சரியா எழுதணும். இன்னொரு கடுதாசி போடு. இந்த தபா எனக்குப் படிச்சிக் காட்டிட்டு போடு."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து யூனிஸ் நேரே அவர்கள் வீட்டுக்குப் போனாள். மெடலின் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டிப் பிடித்து, அதன் மேல் கார்பனை வைத்து நகத்தால் மெதுவாகத் தேய்த்தாள். எழுத்துகள் மேடாக இல்லாமல் பள்ளமாக இருந்ததால் கருப்புப் பட்டையில் வெள்ளையாக நம்பர் விழுந்தது. முதல் நான்கு தாளில் சறுக்கியது. ஐந்தாவது தாளில் தெளிவாக வந்தது. அதை இரண்டாவது மனுவோடு இணைத்தாள். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டினாள். துளசிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கிளியம்மாள் ஒவ்வொரு வரிக்கும், "ம், அப்பறம்?" என்றாள்.

"முதல் மனுவில் 'அலையாஸ்' என்ற சொல் டைப் செய்தவரின் பிழை" என்று ஒரு வரி இருந்தது.

"அத்த எதுக்கு எழுதின? உம் பேர போட்டியா?" என்றார் துளசிங்கம். நான்கு நாளில் அவர் அவளோடு பேசிய முதல் பேச்சு.

"போட்டிருக்கேன் அண்ணா. அ. யூனிஸ், டைப்பிஸ்ட்."

"அந்தாளு பாத்தா உன் வேலையும் பூடும்."

"அவருக்குப் பிரதி கொடுக்காதீங்க."

அவர் முதல்முறையாக லேசாகச் சிரித்தார்.

ராணுவ ரெக்கார்ட் ஆபீசின் பதில் செப்டம்பர் பதினேழாம் தேதி வந்தது. கம்பெனிக்கு ஒரு பிரதி, துளசிங்கத்துக்கு ஒன்று. கம்பெனிக்கு வந்ததை யூனிஸ்தான் பிரித்தாள். நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து, சொல் சொல்லாக விரல் வைத்துப் படித்தாள்.

எண் 6214739 சிப்பாய் துளசிங்கத்துக்கு உரியது. அவருடைய ஏட்டில் பதக்கம் எதுவும் இல்லை. பதக்கப் பதிவேட்டில் மேற்படி எண்ணுக்கு எதிரே துளசி சிங் என்ற பெயர் காணப்படுகிறது. ஆனால் அந்த எண்ணில் துளசி சிங் என்று ஒருவர் இல்லை. எனவே அந்தப் பதிவு பிழையானது என்று கண்டு நீக்கப்பட்டது. மனுதாரர் கோரியபடி ஆவணங்கள் திருத்தப்பட்டுவிட்டன. அவர் வசமுள்ள பதக்கத்தைப் பதினைந்து நாட்களுக்குள் இந்த அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.

கோரியபடி திருத்தப்பட்டுவிட்டன. யூனிஸ் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவர்கள் நம்பரைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் அதே நம்பர் என்று அவர்களே எழுதியும் இருக்கிறார்கள். எழுதிவிட்டு, மனுஷனை விட்டுவிட்டு மெடலை நீக்கியிருக்கிறார்கள். காகிதத்தைக் கசக்கி வாயில் போட்டு மென்று துப்ப வேண்டும் போல இருந்தது. தேதி முத்திரை குத்தி, வரவு எண் போட்டு, ஸ்ரீரங்கன் மேஜையில் வைத்தாள்.

விசாரணை அன்று மாலையே நடந்தது. ஸ்ரீரங்கன் ஒரு பக்கம், தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு துளசிங்கம் ஒரு பக்கம். நடுவில் யூனிஸ், கேள்வியையும் பதிலையும் நேரே மெஷினில் அடிக்க.

"உன் பேர் என்ன?"

"துளசிங்கம்."

"இந்த மெடல் யாருது?"

"என்னுது."

"மெடல்ல இருக்கிற பேர் யாருது?"

"என்னுதுதான். தப்பா கீது."

"நீ சொல்றே. கவர்மெண்ட் அப்படி ஒரு ஆளே கிடையாதுன்னு சொல்லுது. ஆளே இல்லாதவன் மெடல் உன் கையில எப்படி வந்தது?"

துளசிங்கம் இடது சட்டைக் கையை மேலே சுருட்டினார். வெந்த கையை ஸ்ரீரங்கனின் கண்ணாடி மேஜை மேல், அந்தக் கடிதத்தின் மேலேயே வைத்தார்.

"சார், மெடலு குடுத்த அன்னிக்கு மைதானத்துல எண்ணூறு பேரு நின்னோம். துளசி சிங்குனு கூப்ட்டாங்க. நான் ஒருத்தன்தான் போனேன். வேற எவனாச்சும் முன்னால வந்தானா? எட்டு வருசம் ஆச்சு, இன்னி வரைக்கும் எவனாச்சும் வந்து எம் மெடலுன்னு கேட்டானா? அந்தாளு இல்லேன்னா லாரிய எவன் ஓட்னது? லாரி தானா வந்துச்சா?"

"கையை எடு. சத்தம் போடாதே."

"பேர் இல்லாதவன் கை எப்பிடி சார் வெந்துச்சு? பாரு! நல்லா பாரு!"

"கையை எடுப்பா!" ஸ்ரீரங்கன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். யூனிஸ் பக்கம் திரும்பினார். "பதில் மழுப்பலாக இருந்தது, அதிகாரியை மிரட்டினார்னு போடு."

யூனிஸின் விரல்கள் நின்றன. மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவர் சொன்னதை அப்படியே அடிச்சிருக்கேன் சார்."

"நான் சொல்றதை அடிக்கத்தான் உனக்கு வேலை."

"அவர் மழுப்பல சார்."

ஸ்ரீரங்கன் தாளை மெஷினிலிருந்து உருவினார். உருளை கரகரவென்று சுற்றி நின்றது. மேல் அறையிலிருந்து இன்னொரு டைப்பிஸ்ட் வந்தாள். பதினைந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. பொய்த் தகவல், ஒழுங்கீனம், வேலை நீக்கம். காக்கிச் சட்டை, தொப்பி, விசில், டார்ச் ஆகியவற்றைத் திருப்பிக் கொடுத்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். துளசிங்கம் சட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, பனியனோடு கேட்டைத் தாண்டிப் போனார். தோல் வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சம்பத் அவரைப் பார்த்தான். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் மேல் போட்டான்.

யூனிஸின் வேலை அப்போதைக்குத் தப்பியிருந்தது. சனிக்கிழமை பிற்பகல் அரை நாள் வேலை முடிந்து யூனிஸ் துளசிங்கம் வீட்டுக்குப் போனாள். வாசலுக்கு வெளியிலேயே கரகரவென்று உரசும் சத்தம் கேட்டது. அவர் தரையில் உட்கார்ந்து, மெடலை இரண்டு பாதத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையில் அரத்தை வைத்திருந்தார்.

"இன்னா பண்றாருன்னு கேளு," என்றாள் கிளியம்மாள். "நாலு நாளா பேச்சு இல்ல. இப்ப அரம்."

"துளசி சிங் வேணாமாம் அவனுங்களுக்கு. ராவிட்டு அனுப்பறேன்."

யூனிஸ் குனிந்து மெடலைப் பிடுங்கினாள். விளிம்பில் சிறு கீறல் மட்டும் விழுந்திருந்தது. எழுத்துக்குப் போகவில்லை. "அண்ணா, அந்தப் பேரும் நம்பரும் சேர்ந்து இதுல மட்டும்தான் இருக்கு. பதிவேட்டுல எடுத்துட்டாங்க."

"இருந்து இன்னா ஆச்சு?"

"ஏரில கொண்டு போய்ப் போடு," என்றாள் கிளியம்மாள். "கேட்டா, அந்தாளே இல்ல, மெடலு எப்பிடி இருக்கும்னு சொல்லு. அவனுங்க நியாயம் அவனுங்களுக்கு."

துளசிங்கம் அரத்தைத் தரையில் வைத்தார்.

"கேட்டுல நாலு வருசம் நின்னேன். ஒரு ஆணி வெளிய போவணும்னாலும் பாஸ் கேப்பேன். யாரு கைல இருந்து போவுது, இன்னா பொருளு, எந்த தேதி. பேரு இல்லாம ஒண்ணு போவ விட மாட்டேன். ஸ்ரீரங்கன் கார்ல வச்ச தோல் செருப்புக்கே பாஸ் கேட்டவன் நான்." அவர் யூனிஸைப் பார்த்தார். "இப்ப இது எங் கைல இருந்து போவுது. வாங்கறவன் எழுதித் தருவானா?"

"என்னன்னு?"

"துளசிங்கம் கைல இருந்து வாங்கினேன்னு. நம்பர் போட்டு."

யூனிஸ் மெடலைக் கையில் வைத்துக்கொண்டே அப்படியே உட்கார்ந்தாள். அப்படி ஒரு சீட்டு வந்தால், சர்க்கார் காகிதத்தில் அவர் பெயரும் அந்த மெடலும் ஒரே வரியில் வருவது அதுதான் முதல் தடவை. அதைக் கையில் வைத்துக்கொண்டு மேலே எழுதலாம். ஆனால் அந்தச் சீட்டு கைக்கு வர, மெடலைக் கொடுத்துவிட வேண்டும்.

"தருவாங்களான்னு தெரியல அண்ணா. பதிவுப் பார்சல்ல அனுப்பினா ஒப்புகை அட்டை ஒண்ணு வரும். வாங்கினவங்க அதுல கையெழுத்துப் போட்டே ஆகணும். பொருள் என்னன்னு நாமளே எழுதலாம்."

"நீ எழுதுவியா?"

"எழுதறேன்."

"ஒரு எழுத்தும் முழுங்காத."

"மாட்டேன்."

கிளியம்மாள் எழுந்து போய்ப் பழைய வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து, மெடலை அளவு வைத்துப் பார்த்துக் கிழித்தாள். கிழிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். துளசிங்கம் மெடலின் ரிப்பனை நான்காக மடித்தார். கொடியை மடிக்கிற மாதிரி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து.

23-9-1973, ஞாயிற்றுக்கிழமை.

இன்று துணியைப் பையாகத் தைத்துக் கொடுத்தார்கள். மேலே விலாசம் எழுதினேன். எழுத்துகளை மூன்று தடவை சரிபார்த்தேன். துளசிங்கம் அண்ணனும் ஒரு தடவை விரல் வைத்துப் பார்த்தார்.

நாளை செய்ய வேண்டியது: காலை பத்து மணிக்குப் பல்லாவரம் தபால் ஆபீஸ். அரை நாள் லீவு சொல்ல வேண்டும். அரக்கு வாங்க வேண்டும். ஒப்புகை அட்டையில், பொருள்: மெடல் ஒன்று, எண் 6214739. அனுப்புபவர்: மு. துளசிங்கம்.